பொம்பார்டியர் பி-12: பழைய பனிவண்டி ஒன்றை மீண்டும் ஓடவைத்தல்

பொம்பார்டியர் பி-12 என்பது கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள வால்கூர் என்னும் சிற்றூரில் 1942 முதல் தயாரிக்கப்பட்ட பனிவண்டி ஆகும். இதன் முன்புறத்தில் திசை திருப்புவதற்கு இரண்டு சறுக்குக் கட்டைகளும், பின்புறத்தில் வண்டியை உந்துவதற்கு இரண்டு தடப்பட்டைகளும் உள்ளன. உடல் ஒட்டுப்பலகையால் ஆனது. எஞ்சின் பின்பக்கம் அமைந்துள்ளது. கப்பலில் காண்பதுபோன்ற வட்டச் சன்னல்கள் இதன் அடையாளம். பெயரிலுள்ள 'பி' என்பது இதை உருவாக்கிய ஜோசப்-ஆர்மாண்ட் பொம்பார்டியரின் குடும்பப் பெயரைக் குறிக்கும். 12 என்பது ஏறக்கூடியவர்களின் எண்ணிக்கை.

மருத்துவர்களையும் நோயாளிகளையும், அஞ்சல் பைகளையும் மரம் வெட்டும் தொழிலாளர்களையும் சுமந்த இவ்வண்டிகளில் பல, சாலைகளில் பனி அகற்றும் வழக்கம் வந்தபின் கொட்டகைகளில் ஒதுங்கின. அவற்றைத் தேடி எடுத்து மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் பணி இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் நடைபெறுகிறது. அருங்காட்சியகங்கள் மட்டுமன்றித் தனி ஆர்வலர்களும் இதில் ஈடுபடுகின்றனர். இக்கட்டுரை அவ்வண்டியின் வரலாற்றையும், அதைப் புதுப்பிக்கும் முறையையும், அப்பணி எழுப்பும் ஒரு கேள்வியையும் விளக்குகிறது.

பனியில் சக்கரம் ஏன் புதைகிறது?

புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றே. அதன்மீது ஒரு பொருள் நிற்குமா, புதையுமா என்பதை முடிவு செய்வது அப்பொருளின் எடை மட்டுமன்று; அந்த எடை எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதும் ஆகும். எடையைத் தொடுபரப்பால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 2,000 கிலோ எடையுள்ள ஒரு வண்டியின் நான்கு சக்கரங்களும் சேர்ந்து 800 சதுர சென்டிமீட்டர் பரப்பில் தரையைத் தொடுகின்றன என்று கொள்வோம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 2.5 கிலோ சுமக்க வேண்டும். அதே எடையை 16,000 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பட்டைகள் தாங்கினால், சுமை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 125 கிராம் மட்டுமே. வண்டி பனியின் மேலேயே நிற்கும். ஈர வயலில் சாதாரணச் சக்கரம் புதையும் இடத்தில், பட்டை பூட்டிய நெல் அறுவடை இயந்திரம் புதையாமல் செல்வதும் இதே விதியால்தான்.

இவ்வாறு சக்கரங்களைச் சுற்றி முடிவில்லாமல் ஓடும் பட்டையே தடப்பட்டை எனப்படுகிறது. வண்டி தன் பாதையைத் தானே முன்னால் விரித்து, பின்னால் சுருட்டிக்கொண்டு போகிறது எனலாம்.

முன்னோடிகள்

தடப்பட்டையைக் கண்டறிந்தவர் பொம்பார்டியர் அல்லர். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஆல்வின் லம்பார்ட், பனிக்காட்டிலிருந்து மரங்களை இழுத்துவரும் நீராவி இழுவை வண்டிக்கு 1901-இல் காப்புரிமை பெற்றார். அதன் பின்பகுதி இரும்புத் தடங்களில் ஓடியது. அது மிகக் கனமானது, பயணிகளுக்கானதன்று.

உருசியப் பேரரசர் இரண்டாம் நிக்கோலாசின் வாகனக் கூடத்தில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரரான அடால்ஃப் கெக்ரெஸ், இரும்புக்குப் பதிலாக வளையக்கூடிய பட்டையைக் கார்களுக்குப் பொருத்தினார். அவரது அமைப்புடன் கூடிய சித்ரோவன் வண்டிகள் 1922-23-இல் சகாரா பாலைவனத்தைக் கடந்தன. லெனின் பயன்படுத்திய, கெக்ரெஸ் பட்டைகள் பூட்டிய ரோல்ஸ்-ராய்ஸ் கார் ஒன்று மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கோர்கி லெனின்ஸ்கியே அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் வெர்ஜில் ஒயிட் என்பவர், ஃபோர்டு மாடல்-டி காரின் முன் சக்கரங்களுக்குப் பதில் சறுக்குக் கட்டைகளையும், பின்புறம் தடங்களையும் பொருத்தும் தொகுப்பை விற்றார். இவற்றில் பெரும்பாலானவை, கோடைக்காலத்துக்கென்று உருவான காரைப் பனிக்குத் தக்கபடி மாற்றும் முயற்சிகளே. பனிக்கென்றே தொடக்கம் முதல் வடிவமைத்த, எளிய குடும்பத் தொழிலர்களும் வாங்கக்கூடிய வண்டி அப்போது கியூபெக் ஊர்ப்புறங்களில் இல்லை.

ஒரு பட்டறைக்காரர்

ஜோசப்-ஆர்மாண்ட் பொம்பார்டியர் 1907 ஏப்ரல் 16-இல் வால்கூர் பகுதியில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே இயந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பதில் ஈடுபாடு கொண்டிருந்தார். மகனின் கைகளைச் சும்மா இருக்கவிடாமல் செய்ய, தந்தை பழைய ஃபோர்டு மாடல்-டி எஞ்சின் ஒன்றைக் கொடுத்தார். 1922 டிசம்பர் 31 அன்று, 15 வயதான ஆர்மாண்ட் தம் தம்பி லியோபோலுடன் சேர்ந்து ஒரு விசித்திர வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே ஓட்டிவந்தார். பனிச்சறுக்கு வண்டியின் பின்னால் அந்த எஞ்சின். எஞ்சினில் மரத்தாலான காற்றாடி. வண்டி ஓடியது. ஆனால் மறைப்பில்லாமல் சுழலும் காற்றாடியைக் கண்டு அஞ்சிய தந்தை, அதை உடனே பிரித்துப்போடச் சொன்னார்.

1926-இல், 19 வயதில், அவர் வால்கூரில் சொந்தமாக வாகனப் பழுதுபார்ப்புப் பட்டறையைத் தொடங்கினார். கோடையில் வேலை நிறைந்திருந்தது. குளிர்காலத்தில் பட்டறை வெறிச்சோடியது. அக்காலத்தில் கியூபெக் ஊர்ப்புறச் சாலைகளில் பனியை அகற்றும் வழக்கமில்லை. கார் வைத்திருந்தவர்கள் அதைக் கட்டைகளின்மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, வசந்தம் வரும்வரை குதிரை பூட்டிய சறுக்கு வண்டியையே நம்பினர். வேலையற்ற அந்த மாதங்களில் பொம்பார்டியர் பனிவண்டிச் சோதனைகளைச் செய்துவந்தார்.

1934 குளிர்காலம்

1934 குளிர்காலத்தில் பொம்பார்டியரின் இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டது. அது வயிற்று உள்ளுறை அழற்சியாக முற்றியது. அறுவை சிகிச்சைக்கு ஷெர்புரூக் நகர மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. சாலைகள் பனியால் மூடிக்கிடந்தன. பட்டறையில் இருந்த சோதனை வண்டி ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்தது.

மகனின் மரணமே பனிவண்டியைக் கண்டறியத் தூண்டியது என்று பலர் எழுதுவதுண்டு. அது முழு உண்மையன்று. அவர் 12 ஆண்டுகளாகவே அம்முயற்சியில் இருந்தார். இறப்பு அவருக்குப் புதிய எண்ணத்தைத் தரவில்லை. செய்துகொண்டிருந்த வேலை எதற்காக என்பதை மறக்கமுடியாதபடி காட்டியது எனலாம். வண்டி என்று ஒன்று பட்டறையில் இருந்தால் போதாது, தேவைப்படும் நாளில் அது ஓடவேண்டும்.

ரப்பர் பற்சக்கரம்

தடப்பட்டையைச் சுழற்றுவதற்கு ஒரு பற்சக்கரம் வேண்டும். அதன் பற்கள் பட்டையின் குறுக்குச் சட்டங்களைப் பிடித்து இழுக்கின்றன. வெறும் எஃகுப் பற்சக்கரத்தில் பனி ஒட்டி, இறுகி, கட்டியாகிவிடும். பற்களின் இடைவெளி நிரம்பியதும் பட்டை ஏறி வழுக்கும், அல்லது கழன்றுவிடும். பல பனிவண்டி முயற்சிகள் தடுமாறியது இத்தகைய இடத்தில்தான்.

1935-இல் பொம்பார்டியர் கண்ட தீர்வு எளிமையானது. பற்சக்கரத்தை ரப்பரால் போர்த்தினார். பட்டையை ரப்பரும் பருத்தித் துணியும் சேர்ந்ததாக அமைத்தார். ரப்பர் வளைந்து கொடுப்பதால் ஒட்டும் பனி உதிர்ந்துவிடுகிறது. எடையும் ஓசையும் குறைகின்றன. இந்தப் பற்சக்கர-தடப்பட்டை அமைப்புக்கு 1937 ஜூன் 29-இல் கனடா காப்புரிமை கிடைத்தது.

பி-7 முதல் பி-12 வரை

இந்த அமைப்புடன் விற்பனைக்கு வந்த முதல் வண்டி பி-7. அதில் ஏழு பேர் அமரலாம். ஊர் மருத்துவர்களும், விடுதி நடத்துவோரும், வாடகை வண்டிக்காரர்களும் அதை வாங்கினர். தேவை பெருகியதால், ஆண்டுக்கு 200 வண்டிகள் செய்யத்தக்க புதிய தொழிற்சாலை வால்கூரில் எழுந்தது. 1942-இல் நிறுவனம் முறைப்படி பதிவு செய்யப்பட்டது.

அவ்வாண்டு வந்த பி-12 அளவில் பெரியது. முந்தைய வண்டிகளின் ஆரச் சக்கரங்களில் பனியும் சேறும் சிக்கிக்கொண்டதால், இதில் இடைவெளியற்ற தகட்டுச் சக்கரங்கள் இடம்பெற்றன. முனையும் பின்பகுதியும் உருண்டு வளைந்திருந்தன. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்செல்ல, இதே வடிவில் நீளமான சி-18 வண்டியும் வந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது இதே தடப்பட்டை அமைப்பைக் கொண்டு இராணுவ வண்டிகளும் செய்யப்பட்டன. அவற்றுள் 'பெங்குவின்' எனப்பட்ட வகை, கனடா இராணுவம் 1946 பிப்ரவரி முதல் மே வரை நடத்திய 'மஸ்க் ஆக்ஸ்' பயிற்சியில் பங்கேற்றது. அட்சன் விரிகுடாக் கரையிலுள்ள சர்ச்சிலில் தொடங்கி, ஆர்க்டிக் பகுதி வழியாக எட்மன்டனில் முடிந்த அப்பயணத்தின் தொலைவு ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர்.

சாலை திறந்தது, வண்டி நின்றது

1940-களின் இறுதியில் கியூபெக் அரசு முக்கியச் சாலைகளில் குளிர்காலத்திலும் பனியை அகற்ற முனைந்தது. ஊர்ப்புற மக்களுக்கு அது பெரும் நன்மை. பொம்பார்டியரின் விற்பனைக்கோ பேரிடி. சாதாரணக் காரே ஆண்டு முழுவதும் ஓடும்போது பனிவண்டி எதற்கு? நிறுவனம் வேறு துறைகளைத் தேடியது. சதுப்புநிலத்திலும் செல்லும் 'மஸ்கெக்' இழுவை வண்டி 1953-இல் வந்தது. ஓரிருவர் ஏறிச்செல்லும் இலகுவான 'ஸ்கி-டூ' 1959-இல் வந்து உலகப் புகழ்பெற்றது. பொம்பார்டியர் 1964 பிப்ரவரி 18-இல், 56 வயதில் காலமானார். அவரது 1926 பட்டறைக் கட்டடம் வால்கூரில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

பி-12 வண்டிகள் எல்லாம் ஓய்ந்துவிடவில்லை. மானிட்டோபாவின் வின்னிப்பெக் ஏரி உறையும்போது, பனிக்கட்டியைத் துளைத்து வலை போடும் மீனவர்கள் இவற்றைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தினர். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் குளிர்காலப் பயணிகளை இவை ஏற்றிச்சென்றன. எஞ்சியவை கொட்டகைகளிலும் காட்டோரங்களிலும் நின்றன. புதுப்பிப்போர் கைக்கு வருபவை பெரும்பாலும் இவையே.

புதுப்பித்தல்: பிரிப்பதற்கு முன்

அனுபவமுள்ளவர்கள் முதலில் எடுப்பது திருப்புளியை அன்று, குறிப்பேட்டை. வண்டியை எல்லாப் பக்கமும் படம் எடுத்து, அளந்து, கழற்றும் ஒவ்வொரு பகுதிக்கும் சீட்டுக் கட்டுகிறார்கள். தயாரிப்பு எண்ணைத் தேடிக் குறிக்கிறார்கள். வண்ணப்பூச்சை மறைவான ஓரிடத்தில் மெல்லச் சுரண்டினால், அடுக்கடுக்காகப் பழைய நிறங்கள் தெரியும். அடியிலுள்ளது தொழிற்சாலை நிறம். மேலே உள்ளவை பின்னர் வந்த உரிமையாளர்களின் வரலாறு. சுரண்டி எறிந்துவிட்டால் அந்த வரலாறு திரும்பாது.

பாதுகாப்பும் இங்கேயே தொடங்குகிறது. பழைய வண்ணப்பூச்சில் ஈயமும், பழைய பிரேக் பட்டைகளிலும் மூட்டுறைகளிலும் கல்நாரும் இருக்கக்கூடும். இவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு. தூக்கிய வண்டியை ஜாக்கியின்மேல் மட்டும் நம்பி நிறுத்தாமல், உறுதியான தாங்கிகளின்மேல் இறக்கிய பிறகே அடியில் புகவேண்டும்.

மர உடல்

ஒட்டுப்பலகை என்பது மெல்லிய மர ஏடுகளை, அவற்றின் இழையோட்டம் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையுமாறு ஒட்டியது. எடை குறைவு, வலிமை மிகுதி, குளிர் எளிதில் ஊடுருவாது. இதன் பகை ஈரம். பலகையின் விளிம்புவழி நீர் புகுந்தால் ஏடுகள் பிரிந்து ஊதிக்கொள்ளும். பனி உருகி நீர் தேங்கும் அடிப்பகுதியும், சன்னல் ஓரங்களும், திருகாணித் துளைகளும் முதலில் கெடும்.

உளுத்த பலகையை உடனே எறிவது பெரும் தவறு. அது கெட்டிருந்தாலும் அதன் வடிவம் கெடவில்லை. அதைத் தாள்மேல் வைத்து வரைந்து, அச்சு எடுத்த பின்னரே அகற்றவேண்டும். வளைந்த முனைப்பகுதிக்குத் தடித்த பலகையை வளைக்க முயன்றால் ஒடிந்துவிடும். மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு, மரச்சட்ட அச்சின்மேல் இறுக்கிக் காயவிடுவதே வழி. புதிய பலகையின் ஒவ்வொரு விளிம்பையும் துளையையும் பொருத்துவதற்கு முன்பே நீர்புகாப் பூச்சால் அடைக்கவேண்டும். பொருத்திய பிறகு அங்கே தூரிகை போகாது.

எஞ்சின்

பி-12 வண்டிகளில் கிரைஸ்லரின் ஆறு சிலிண்டர் எஞ்சின் பரவலாகப் பயன்பட்டது. இதில் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் அமைந்திருக்கும்; மேல்மூடி தட்டையானது. அழுத்த விகிதம் குறைவாதலால் அக்காலத் தரக்குறைவான பெட்ரோலையும் ஏற்றது. கார்கள், சரக்கு வண்டிகள், பண்ணை இயந்திரங்கள் எனப் பலவற்றில் இவ்வகை எஞ்சின் பொருத்தப்பட்டதால் உதிரிப் பாகங்கள் கிடைப்பது ஒப்பீட்டளவில் எளிது.

நெடுங்காலம் நின்ற எஞ்சினை மின்கலம் பூட்டித் திடீரெனச் சுழற்றக்கூடாது. பிஸ்டன் துருவால் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, அத்துளைகள்வழி ஊடுருவும் எண்ணெயை ஊற்றிச் சில நாள் ஊறவிடுவர். பின்னர் கையால் மெல்லத் திருப்புவர். அசையாவிட்டால் மேலும் காத்திருப்பர். இங்கே வலிமையைவிடப் பொறுமையே பயன்தரும்.

அடுத்துப் பார்க்கவேண்டியது வெடிப்பு. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. உறைவுத் தடுப்பி கலக்காத நீரோடு குளிர்காலத்தில் விடப்பட்ட எஞ்சினின் வார்ப்பிரும்புச் சுவர் அந்த விரிவைத் தாங்காமல் பிளக்கும். அத்தகைய பிளவு, எஞ்சினைச் சரிசெய்வதா, வேறு தேடுவதா என்பதையே முடிவு செய்துவிடும்.

பெட்ரோல் தொட்டியில் துருவும், காய்ந்து பிசினான பழைய எரிபொருளும் இருக்கும். தொட்டியைத் தூய்மை செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவினால், அடுத்த நாளே அது அடைத்துக்கொள்ளும். மின்கம்பிகளின் துணி உறை உதிர்ந்திருந்தால் மாற்றவேண்டும். அக்கால மின்னமைப்பு 6 வோல்ட் என்பதால் ஒரே ஆற்றலுக்கு மின்னோட்டம் மிகுதி. எனவே மெல்லிய கம்பியைப் போட்டால் சூடேறும்.

தடப்பட்டை

வேலையின் கடினமான பகுதி இதுவே. ரப்பர் ஒளியாலும் காற்றாலும் காலப்போக்கில் இறுகி வெடிக்கிறது. உள்ளிருக்கும் பருத்தித் துணி ஈரத்தில் மக்குகிறது. 70, 80 ஆண்டுகளான பட்டை தோற்றத்தில் முழுமையாக இருந்தாலும் இழுவிசையைத் தாங்குமென நம்பமுடியாது. ஓட்டத்தில் அறுந்தால், குறுக்குச் சட்டம் வண்டியின் உடலையே கிழித்துவிடக்கூடும்.

ஆகவே பட்டையைப் புதிதாகச் செய்யவேண்டும். ஆலைகளில் சரக்கு நகர்த்தப் பயன்படும், துணி அடுக்குகள் உள்ள கன்வேயர் பெல்ட்டை வேண்டிய அகலத்தில் வெட்டி, பழைய எஃகுச் சட்டங்களை நிமிர்த்தித் தூய்மை செய்து அதில் பூட்டுவது ஒரு முறை. இதில் துளைகளின் இடைவெளி மிக முக்கியம். அது பற்சக்கரப் பற்களின் இடைவெளியோடு பொருந்தவேண்டும். ஒவ்வொரு துளையும் முந்தையதிலிருந்து அளக்கப்பட்டு 1 மில்லிமீட்டர் தவறினால், 40 சட்டங்களுக்குப் பின் பிழை 4 சென்டிமீட்டராகப் பெருகும். எனவே எல்லாத் துளைகளையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து அளந்து குறிப்பதே சரியான முறை.

பற்சக்கரத்தின் ரப்பர் போர்வை தேய்ந்திருந்தால், எஃகு நடுப்பகுதியை வைத்துக்கொண்டு, அச்சிலிட்டு மீண்டும் வார்க்கவேண்டும். மிகக் கடினமான ரப்பராக இருந்தால் வளைந்து கொடுக்காது, பனி ஒட்டும். மிக மென்மையாக இருந்தால் விரைவில் தேயும். கடைசியாக, பட்டையின் இறுக்கம். தளர்ந்தால் கழன்றுவிடும், மிகையாக இறுக்கினால் தாங்கிகள் கெடும்.

முதல் ஓட்டம் பனியின்மேல் இருப்பது நல்லது. உலர்ந்த சாலையில் சறுக்குக் கட்டையின் அடிப்பகுதி தேய்வதோடு பட்டையும் சூடேறும். சிறிது தூரம் சென்று நிறுத்தி, சக்கரத் தாங்கிகளின் சூட்டைச் சோதித்து, நட்டுகளை மீண்டும் இறுக்கி, மறுபடியும் பட்டையின் இறுக்கத்தைப் பார்த்த பிறகே நெடுந்தூரம் செல்வர்.

எது அசல்?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பி-12 வண்டியில் பொம்பார்டியருக்கே உரிய கண்டுபிடிப்பு எது? எஞ்சின் அவருடையதன்று, ஒட்டுப்பலகையும் அவருடையதன்று. ரப்பர் போர்த்திய பற்சக்கரமும், ரப்பர்-பருத்திப் பட்டையுமே அவருடைய கண்டுபிடிப்பு. ஆனால் புதுப்பிக்கும்போது முதலில் தூக்கி வைக்கவேண்டிய பகுதிகளும் அவையே. வாங்கிப் பொருத்திய இரும்பு நிலைக்கிறது. கண்டறிந்த ரப்பர் மக்குகிறது.

பழைய பட்டையை அப்படியே வைத்துக்கொண்டால் வண்டி அசையாது. புதிய பட்டையைப் பூட்டினால் பொருள் புதியது, அமைப்பு மட்டுமே பழையது. எது உண்மையான பாதுகாப்பு? பன்னாட்டுப் பழமை வாகனக் கூட்டமைப்பு 2013-இல் உறுதிசெய்த டூரின் சாசனம், உள்ளதை உள்ளபடி காப்பதற்கும், இழந்ததை மீட்டுச் செய்வதற்கும் இடையே வேறுபாடு காட்டுகிறது. தலையீடு குறைவாக இருக்கவேண்டும் என்றும், செய்ததைப் பதிவு செய்யவேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. அதே சாசனம், இவ்வாகனங்கள் ஓட்டப்படுவதையும் முக்கியமாகக் கருதுகிறது.

நடைமுறையில் பலர் மேற்கொள்ளும் வழி, இரண்டையும் பிரித்துச் செய்வதாகும். கழற்றிய பழைய பட்டையில் ஒரு துண்டையும், பழைய ரப்பர் போர்வையையும் சீட்டுக் கட்டிப் பாதுகாக்கின்றனர். பிற்கால ஆய்வாளர் நெசவையும் தடிமனையும் அதிலிருந்து அறியலாம். புதிய பகுதிகளில் செய்த ஆண்டைக் குறித்துவிடுகின்றனர். இதனால் எது பழையது, எது புதியது என்பதில் பின்வருவோர் ஏமாற மாட்டார்கள்.

இன்னொரு முரணும் உண்டு. ஒருநாளும் நிற்காமல் உழைத்த வண்டிகளே மிகுதியாக மாறியுள்ளன. ஏரி மீனவர்களும் பயண நிறுவனத்தாரும் தேய்ந்த எஞ்சினை எடுத்துவிட்டுப் பிற்கால எஞ்சினைப் பொருத்தினர். சன்னல்களையும் இருக்கைகளையும் மாற்றினர். கைவிடப்பட்டுக் கொட்டகையில் கிடந்த வண்டியில்தான் தொழிற்சாலைப் பாகங்கள் பெரும்பாலும் அப்படியே உள்ளன. முன்னது வண்டியின் பணியைக் காப்பாற்றியது; பின்னது அதன் பொருளைக் காப்பாற்றியது. மீனவர் செய்த மாற்றத்தைப் பழுது என்று கருதி அழிப்பதா, அதுவும் வரலாறே என்று விட்டுவைப்பதா என்பதைப் புதுப்பிப்பவர் தொடக்கத்திலேயே முடிவு செய்யவேண்டும்.

ஓடும் நிலையின் பொருள்

நின்றுகொண்டிருக்கும் பி-12, பார்ப்பவருக்கு வட்டச் சன்னல்களுள்ள ஒரு மரக்கூண்டாகவே தோன்றும். அதன் சிறப்பு நின்ற நிலையில் தெரியாது. ரப்பர் பற்கள் குறுக்குச் சட்டத்தைப் பிடிப்பதும், ஒட்டிய பனி வளைவில் உதிர்வதும், கனத்த வண்டி புதுப்பனியின்மேல் புதையாமல் செல்வதும் ஓடும்போது மட்டுமே புலப்படும். ஆகவே இவ்வகை வண்டியை ஓடவைப்பது வெறும் பொழுதுபோக்கன்று. ஒரு தொழில்நுட்ப விடையைப் படித்தறியக்கூடிய வடிவில் வைத்திருப்பதாகும். ஒட்டுப்பலகையை வளைக்கும் கைத்திறனும், பட்டைக்குத் துளை குறிக்கும் முறையும், அவற்றைச் செய்பவர் ஒருவர் இருக்கும்வரையே நிலைக்கும்.

இன்று கியூபெக் சாலைகளில் குளிர்காலத்திலும் அவசர ஊர்தி ஓடுகிறது. அங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குச் சாலை என்பது ஆண்டு முழுவதும் திறந்திருப்பது. பனி விழுந்த நாளில் மருத்துவமனைக்கு வழியே இல்லாத காலம் ஒன்று இருந்தது என்பதை எடுத்துக்காட்டும் பொருள்களில் பி-12 ஒன்றாகும். 1934-இல் வால்கூர்ப் பட்டறையில் ஒரு வண்டி இருந்தது. அது ஓடும் நிலையில் இல்லை. அதன்பின் வந்த பனிவண்டிகள் எத்தனையோ வீடுகளின் வாசலுக்கு மருத்துவரைக் கொண்டுசேர்த்தன. பழைய பி-12 ஒன்றின் தடப்பட்டை புதுப்பிக்கப்பட்டு, அது கொட்டகையைவிட்டுப் பனியில் இறங்கும்போது, அந்த இரண்டு நிலைகளுக்கும் இடையிலிருந்த தொலைவு கண்முன் தெரிகிறது.